பூஜையில் இருந்த ரிஜிஸ்டர்

எங்கள் சோப்புக் கம்பெனியில் மூன்று எண்ணெய் டேங்குகள். முதலாவதில் தேங்காய் எண்ணெய். இரண்டாவதில் சாதா பாமாயில். மூன்றாவதிலும் பாமாயில்தான், ஆனால் அது சான்றிதழ் உள்ள பாமாயில். இந்த இரண்டு பாமாயிலையும் இரண்டு டம்ளரில் பிடித்து வைத்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நிறம் ஒன்று, வாசனை ஒன்று, மார்கழிக் குளிரில் நெய் மாதிரி உறைவதும் ஒன்று போலத்தான். எது எதுவென்று சொல்ல இரண்டே சாட்சிகள். ஒன்று வால்வில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கும் தகரத் தகடு. இன்னொன்று ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டரை நான்கு வருஷம் நான் எழுதினேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். முழுப்பரீட்சை முடிந்த மறுவாரமே திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள். கல்யாணமாகிப் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் வந்த பிறகு இந்தச் சோப்புக் கம்பெனி. பேக்கிங்கில் பதினோரு வருஷம் நின்றேன். பெட்டிகளின் மேல் நான் எழுதும் எழுத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்னை டேங்க் பக்கம் மாற்றினார்.

"இங்கிலீஸ் தெரியாதுங்க சார்" என்றேன்.

"படிக்க வேண்டாம்மா. பாத்து எழுதுனாப் போதும்."

அப்படித்தான் எழுதினேன். லாரிக்காரர் கொண்டுவரும் பேப்பரில் சான்றிதழ் எண் இருக்கும், சீல் எண் இருக்கும். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து நம் வாசலில் கோலம் போடுவது போல, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து இறக்குவேன். ஒரு தரம் எழுதி மூன்று தரம் ஒத்துப் பார்ப்பேன். சான்றிதழ் எண் இருந்தால் மூன்றாவது டேங்க், இல்லாவிட்டால் இரண்டாவது. வேலை அவ்வளவுதான். ஆனால் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து வால்வைத் தொட்டுப் பார்த்த நாட்களுக்குக் கணக்கில்லை. வாட்ச்மேன் கேட்பார்.

"இன்னைக்கு என்னங்க மறந்துபோட்டீங்க?"

"ஒண்ணும் மறக்கலீங்க. அதுதான் பயமா இருக்குது."

இத்தனை பயத்துக்குக் காரணம் மேனேஜர் ஒருநாள் எங்களை உட்காரவைத்துச் சொன்ன விளக்கம். வெளிநாட்டில் ஒரு கம்பெனி எங்களிடம் சோப்பு நூடுல்ஸ் வாங்குகிறது. சோப்புக் கட்டியாக அச்சில் ஏறுவதற்கு முன்னால் சேமியா மாதிரி இருக்கும் வெள்ளைத் துண்டுகள் அவை. காட்டை வெட்டாமல், மண்ணைக் கொளுத்தாமல், பிள்ளைகளை வேலைக்கு விடாமல், கூலியில் கை வைக்காமல் விளைந்த பாமாயிலில் செய்ததுதான் அவர்களுக்கு வேண்டும். தோட்டத்தில் ஒருவர் பார்த்துச் சான்று கொடுப்பார். ஆலையில் ஒருவர், கப்பலில் ஏற்றும்போது ஒருவர், கொச்சியில் இறக்கும்போது ஒருவர். கடைசியில் நம்முடைய டேங்க். "நடுவுல எந்த ஒரு எடத்துல கலந்தாலும் அதுக்கு முன்னாடி எல்லாரும் பட்ட பாடு வீண்" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் டீ எப்போது வரும் என்று பார்த்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் பார்க்காத ஏதோ ஒரு காடு, கடல் தாண்டி வந்து என் கழுத்தில் தொங்குவதாகப் பட்டது.

என் தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். பாதி மரம் வாடல் நோயில் போய்விட்டது, மீதியை வெள்ளை ஈ மொய்க்கிறது. நான் போகும்போதெல்லாம் ஆரம்பிப்பான்.

"ஏனுங்க்கா, உங்க ஒசத்தி எண்ணெய் சவுக்கியமா இருக்குதுங்களா?"

"சோறு போடறதைக் கேலி பேசாதடா."

"கேலி இல்லீங்க்கா. அங்க எவனோ நட்ட மரத்துக்கு நல்ல மரம்னு ஒருத்தன் கையெழுத்துப் போடறான், அத நீங்க கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக் காக்கறீங்க. என்ற மரத்துக்கும் ஒருத்தனை வரச்சொல்லுங்க. ஈ மொய்ச்சாலும் பொய் சொல்லாத மரம்னு எழுதிக் குடுத்தாச் சட்டம் போட்டு மாட்டிக்கறேன்."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்றுதான் அது நடந்தது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையைக் குறை வைக்காமல் செய்வார்கள். முந்தின நாளே எல்லா மிஷினையும் கழுவித் துடைத்துவிடுவோம். பூஜையன்று காலையில் வால்வு, பம்பு, படிக்கட்டு வரைக்கும் சந்தனம் குங்குமம். டேங்க் தூண்களில் வாழைக்கன்று. ஸ்பானர், சுத்தியல், தராசு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கப்படும். என் பங்குக்கு நான் ரிஜிஸ்டரையும் பேனாவையும் வைத்தேன். வால்வுத் தகடுகளையும் கழற்றி, புளி போட்டு விளக்கி, அதன் மேலேயே வைத்தேன். தகடு வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் தினமும் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பார்க்கிற பொருள் அது, அதை விட்டுவிட மனசு வரவில்லை. சூடம் காட்டியாகிவிட்டது. இனி மறுநாள் காலை மறுபூஜை வரைக்கும் ஆயுதத்தையும் தொடக்கூடாது, புத்தகத்தையும் தொடக்கூடாது. பொரி, கடலை, ஸ்வீட் பாக்கெட் வாங்கிக்கொண்டு மதியத்தோடு மற்றவர்கள் போய்விட்டார்கள். மேனேஜரும் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒரு டேங்கர் லாரி வந்து ஹாரன் அடித்தது. காலையில் வர வேண்டியது, வாளையாறு செக்போஸ்ட்டில் நின்றுவிட்டதாம். டிரைவர் பாலக்காட்டுக்காரர், அவர் வீட்டிலும் பூஜை. இறக்கிவிட்டால் போய்விடுவேன் என்று கெஞ்சினார். அதற்காகக் காத்து யார்டில் மிச்சமிருந்தது நானும் பம்பு பார்க்கும் அண்ணனும்தான். அவர் எனக்கு எட்டு வயது மூத்தவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர்.

"பண்டிகையுமதுவுமா மனுசனை ரோட்டுல நிக்க வெக்கறது பாவமுங்க அம்மணி. எறக்கிப்போட்டு நாமளும் ஊடு போய்ச் சேரலாம்" என்றார்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். சான்றிதழ் எண் இல்லை. சாதா எண்ணெய், இரண்டாவது டேங்குக்குப் போக வேண்டியது. மூன்று தரம் பார்த்தேன், அதில் ஒன்றும் தப்பில்லை. ரிஜிஸ்டர் பூஜையில் இருந்ததால், லாரி எண்ணைப் பொரி வந்த பேப்பரின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். நம் ஸ்பானரும் பூஜையில் இருந்ததால் அண்ணன் டிரைவரின் ஸ்பானரைக் கேட்டு வாங்கி ஹோஸை மாட்டினார். நாங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தோம்.

பாமாயில் குழாயில் இரண்டு வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தகடு இல்லை. இரண்டின் மேலும் ஒரே மாதிரி சந்தனப் பொட்டு.

"எதுங்க அம்மணி?"

"இடது பக்கத்துதுங்ணா."

நான் எப்போதும் சுவர் ஓரமாக நின்றுதான் பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் இரண்டாவது டேங்க். அன்று சுவர் ஓரத்தை வாழைக்கன்று அடைத்திருந்தது, உடைத்த பூசணிக்காய் வேறு கிடந்தது. அதனால் ரோட்டுப் பக்கம் நின்றிருந்தேன். அங்கிருந்து இடது பக்கம் மூன்றாவது டேங்க். அண்ணனும் என் பக்கத்தில்தான் நின்றார், நான் சொன்ன இடதைத் திறந்தார். பம்பு ஓடியது. நான் பொரி தின்றுகொண்டு நின்றேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். இரண்டாவது டேங்க் என்று எழுதினேன். அதன் பிறகு டேங்க் மேல் ஏறி அளவுகோலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் முந்தாநாள் இருந்த அளவே இருந்தது. மூன்றாவதில் ஒரு லாரி அளவு ஏறியிருந்தது. ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"இப்ப என்ன ஆகிப்போச்சு? ரெண்டும் பாமாயிலுதானுங்க."

"ஒண்ணு சான்றிதழ் எண்ணெயிங்ணா."

"எண்ணெய்க்குக் கூடவா சாதி சர்ட்டிபிகேட்டு பாப்பாங்க? மூணுல இருந்து ஒரு லாரி அளவு ரெண்டுக்குத் தள்ளிப்போடறேன். அளவு சரியாப் போயிரும். நீங்க எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்."

"மேனேஜர் கிட்டச் சொல்லிப்போடலாமுங்ணா."

"சொன்னீங்கன்னா மூணாவது டேங்க் மொத்தமும் சாதா ஆகிப்போகும். அவ்வளவு எண்ணெய். அதுக்கப்புறம் உங்களையும் வெக்க மாட்டாங்க, என்னையும் வெக்க மாட்டாங்க. என்ற பொண்ணுக்கு இந்தத் தையில கல்யாணமுங்க அம்மணி."

அரை நாள் பம்பு ஓடியது. மாலையில் அளவுகோலை விட்டால் இரண்டு டேங்கும் ரிஜிஸ்டரோடு ஒத்துப்போனது. நான்கு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போன நாள் வேறில்லை. ஆனால் மூன்றாவது டேங்கில் இருந்தது கலப்பு எண்ணெய். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆறு வாரம் அந்த எண்ணெயில் நூடுல்ஸ் ஓடியது. இரண்டு கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு மூட்டையிலும் சான்றிதழ் உள்ள எண்ணெய் என்று அச்சடித்த முத்திரை. நான் படுத்தால் தூங்குவதில்லை. வயிறு எரிந்தது. வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போனார், காரம் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டர்.

அந்தச் சமயத்தில் தம்பி வீட்டில் எல்லாரும் மாசாணியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அவன் தோப்பில் மோட்டார் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். திருடினவனை அம்மனே கேட்டுத் தண்டிக்கட்டும் என்று அங்கே மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். தம்பி பெண்டாட்டி குனிந்து அரைத்தாள். என்னையும் ஒரு கை அரைக்கச் சொன்னாள். நான் மிளகாயைத் தொடவில்லை.

"ஏனுங்க்கா, நீங்க அரைச்சா அம்மன் கேக்க மாட்டாளுங்களா?" என்றான் தம்பி.

கேட்டுவிடுவாளே என்றுதான் பயம். கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்புப் போடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு தணிக்கை வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து எங்கள் பேப்பர், டேங்க், தகடு எல்லாம் பார்த்துச் சரி என்றால்தான் எங்கள் கம்பெனியின் சான்றிதழ் தொடரும். முந்தின நாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததைச் சொல்லி வம்பை வெலைக்கு வாங்காதீங்க" என்றார். சொல்லும்போது எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு என்னைப் பார்த்துச் சொன்னதாகவே இருந்தது.

வந்தவர் மலேசியாவிலிருந்து வந்த ஓர் அம்மா. நாற்பது வயது இருக்கும். பேன்ட் சட்டை, கேன்வாஸ் ஷூ. தமிழ்தான் பேசினார், ஆனால் நம் பக்கத்துத் தமிழ் இல்லை. காலையிலிருந்து ஈரோட்டில் ஒரு கம்பெனி பார்த்துவிட்டு வந்திருந்தார். நடக்கும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டார். டேங்குகளைச் சுற்றி வந்தார், தகடுகளைப் போட்டோ எடுத்தார், என் எதிரில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த லாரி உள்ள வந்தது ஒரு நாள். நீங்க பதிஞ்சது மறுநாள். ஏன்?"

"சரஸ்வதி பூஜைங்க மேடம். புக்கு பூஜையில இருந்துச்சுங்க."

அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டிலயும் இப்படித்தான். அன்னைக்குப் படிக்க வேணாமேன்னு நாங்க இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் கொண்டுபோய் சாமிகிட்ட வெச்சிருவோம்." லேப்டாப்பில் ஏதோ ஒரு வரி தட்டினார். மேனேஜரைப் பார்த்து, "இது சின்னக் குறிப்புதான். அடுத்த வருஷம் புத்தகத்துக்குப் பதிலா வேற ஏதாச்சும் வைங்க" என்றார். ரிஜிஸ்டரை மூடினார்.

முடிந்துவிட்டது. மேனேஜர் டீ சொன்னார். ஆறு வாரமாக நான் பயந்த இடத்தை அந்த அம்மா சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

டீ குடிக்கும்போது என் கையைப் பார்த்து, "எத்தனை வருஷமா வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பள்ளிக்கூடம் போனது ஏழு வரைக்கும் என்றும் சொன்னேன், எல்லாரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

"எங்க அம்மா அதுவும் போகல" என்றார். "நான் எஸ்டேட்டில பிறந்தவதான். அம்மா செம்பனைத் தோட்டத்தில, இந்தப் பாமாயில் எடுக்கிற மரம்தான், உதிர்ந்த பழம் பொறுக்குவாங்க. குனிஞ்ச முதுகு நிமிராது. சாக்குக் கணக்குக்குத்தான் கூலி. ஒரு ஆள் பொறுக்கினா சாக்கு நிறையாது, அதனால பிள்ளைங்க நாங்களும் போவோம். எங்க பேர் எந்த லிஸ்ட்டிலயும் இருக்காது."

நான் கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன். "இந்தச் சான்றிதழ் எல்லாம் வந்ததுக்குப் பொறகு மாறிப்போச்சுங்களா மேடம்?"

அவர் டம்ளரைச் சுற்றினார். "சில இடத்தில மாறியிருக்கு. பள்ளிக்கூடம் வந்திருக்கு, கூலி சீட்டு கையில குடுக்கிறாங்க. சில இடத்தில பேப்பர் மட்டும் மாறியிருக்கு. அது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஊர் ஊரா அலையறேன். பாதி நேரம் கண்டுபிடிக்க முடியிறதில்ல." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். ஏழு மணிக்கு ஏர்போர்ட் போக வேண்டுமாம்.

"மேடம், அந்த லாரி மூணாவது டேங்குக்குப் போயிருச்சுங்க."

சொன்னது என் குரல்தான். மேனேஜரின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. மிச்சத்தையும் சொன்னேன். வாழைக்கன்று, இடது பக்கம், அளவுகோல், அரை நாள் ஓடிய பம்பு. வால்வு சொன்னது நான், தப்பாக எழுதி வைத்திருந்ததும் நான் என்றேன். அண்ணனை விட்டுவிடத்தான் பார்த்தேன், ஆனால் பம்பை நான் ஓட்ட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த அம்மா என்னைப் பாராட்டவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். மூடியபடியே, "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு டேங்க்கோட போயிருக்கும்" என்றார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார். அந்தி சாயும் வரை எழுதினார். போன மூட்டைகளின் எண் கேட்டார், தேதி கேட்டார். நடுவில் ஒருமுறை, போனில் யாரிடமோ, இன்று வர முடியாது, டிக்கெட்டை மாற்றுங்கள் என்றார்.

சான்றிதழ் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் சரிசெய்து காட்டும் வரை சான்று உள்ள சரக்கு என்று எதையும் விற்கக்கூடாது. மூன்றாவது டேங்கில் இருந்ததெல்லாம் சாதா எண்ணெய் ஆயிற்று. போன இரண்டு கன்டெய்னர் விஷயத்தை வாங்கினவருக்கே எழுத வேண்டி வந்தது. அடுத்த ஆர்டரை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த அம்மா போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று தயாராகப் போனேன். அவர் சத்தம் போடவில்லை.

"அவங்க புக்கை மூடியாச்சு. பையை மாட்டியாச்சு. எதுக்கும்மா சொன்னீங்க?"

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது உண்மையும் இல்லை. நியாயமென்றால் முதல் நாளே சொல்லியிருப்பேன். அந்த அம்மா மூடிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வருஷம் வருவார், அதற்கடுத்த வருஷம் வருவார், ஒவ்வொரு வருஷமும் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. "தெரியலீங்க சார்" என்றேன்.

பம்பு அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை தப்பியது. தையில் கல்யாணமும் நடந்தது, எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஒருநாள் கேட் பக்கம் எதிரில் வந்தபோது நின்று சொன்னார். "உங்களுக்கு மனசு லேசாகோணும்னு என்ற தலையில கல்லைத் தூக்கி வெச்சுப்போட்டீங்க அம்மணி." அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

மூன்றாவது டேங்கைக் காலி செய்து கழுவப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கடைசி நாள் மேனேஜர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். டிப்ளமோ படித்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள், இனி அவள் கம்ப்யூட்டரில் பதிவாள், நான் பழையபடி பேக்கிங்குக்கு. அதற்கு முன்னால் தவறான வரியை நானே திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த அம்மா அப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அடித்து மறைக்கக்கூடாது, ஒரே ஒரு கோடு போட்டுக் கீழே சரியானதை எழுத வேண்டும். எழுதினேன். எழுத்து கொஞ்சம் சரிந்துதான் வந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "எழுத்து நல்லா இருக்குதுங்க்கா" என்றாள்.

பழக்கத்தில் மூன்று தரம் ஒத்துப் பார்த்தேன். பிறகு ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பேக்கிங் ஹாலுக்குப் போனேன். மூன்று மணி ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு நிற்க இடம் விட்டார்கள். பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. எடுத்து டேப் ஒட்ட ஆரம்பித்தேன்.